தும்மலுக்கு மூலிகை, வைட்டமின் வாங்கப் போகிறீர்களா? குமரி மாவட்டத்தில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காலையில் கட்டிலைவிட்டு இறங்குமுன்னே வரிசையாகத் தும்முகிறவர்களுக்கும், மருந்துக்கடை மாத்திரை தூக்கம் தருகிறது என்று சலித்து "மூலிகையில் ஏதாவது பார்ப்போம்" என்று கிளம்பியிருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் பெரியவர்கள், சின்னவர்கள் எல்லாருக்கும் இந்த மூக்குத் தொல்லை உண்டு. அலைந்ததிலும் செலவழித்ததிலும் சேர்ந்த விவரங்கள் இவை. நான் மருத்துவர் அல்ல. மருத்துவரிடம் போகும்போது என்ன கேட்க வேண்டும், கடையில் எதைப் பார்த்துவிட்டுக் காசு கொடுக்க வேண்டும் என்பது வரைதான் என் பேச்சு.

நம் மாவட்டத்தில் இது மற்ற ஊர்களைவிடச் சிக்கல். ஒரே தெருவில் இங்கிலீஷ் மருந்துக்கடை, கேரளத்து ஆயுர்வேத வைத்தியசாலை, சித்த வைத்தியர், வர்ம ஆசான், நாட்டு மருந்துக் கடை, புரதப் பொடி டப்பா அடுக்கிய கடை எல்லாம் இருக்கும். தும்மலுக்கு எல்லாரிடமும் ஒன்று இருக்கிறது. ஒருவர் கொடுத்தது இன்னொருவருக்குத் தெரியாது. ஆறேழு பொருள் ஒன்றாக வயிற்றுக்குள் போன பிறகு எது வேலை செய்தது, எது வயிற்றைக் கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கீழே உள்ள படிகள் அந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான்.

1. முதலில் அது அலர்ஜிதானா என்று பாருங்கள்

அலர்ஜி மூக்கில் தண்ணீர் மாதிரி தெளிவாக ஒழுகும். மூக்கு, கண், அண்ணம், சிலருக்குக் காதின் உட்புறம்கூட அரிக்கும். தும்மல் தொடராக வரும். காய்ச்சல் இருக்காது. சாதாரண ஜலதோஷம் ஒரு வாரம், பத்து நாளில் போய்விடும். அலர்ஜி அப்படிப் போகாது, அல்லது போய்ப் போய் வரும். மஞ்சள் சளி, முகத்தில் வலி, காய்ச்சல் என்றால் அது வேறு. ஒரு பக்க மூக்கு மட்டும் எப்போதும் அடைத்திருந்தாலோ இரத்தம் வந்தாலோ நேராகக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள்.

மூச்சிழுப்பு உள்ளவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இரவில் நெஞ்சில் விசில் சத்தம், படியேறினால் இளைப்பு, ஓயாத வறட்டு இருமல் இவற்றில் ஒன்று இருந்தாலும் மூலிகை, வைட்டமின் பேச்சை ஒத்திவையுங்கள். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலரை நிறுத்திவிட்டு சூரணம் தின்னச் சொல்கிறவரை நம்பாதீர்கள். ஆஸ்துமாவைக் குணமாக்கும் என்று மருந்து விற்கவே கூடாது என்பது நம் நாட்டு மருந்து விதிகளின் ஷெட்யூல் ஜே பட்டியலில் இருக்கிறது.

அடுத்து, எதனால் வருகிறது என்பது. தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கி, அது ஓயுமுன் வடகிழக்கு மழை வந்து, டிசம்பர்வரை நமக்கு ஈரம்தான். சுவரில் பூஞ்சை படரும். மெத்தையிலும் தலையணையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் பெருகும். எழுந்தவுடன் தும்மல் அதிகம், வெளியே போனால் குறைகிறது என்றால் சந்தேகத்தை முதலில் படுக்கைமேல் வையுங்கள். விரிப்பு, தலையணை உறையை வாரத்துக்கு ஒருமுறை நல்ல சூடான நீரில் (60 டிகிரி அளவில்) துவைப்பதற்கு ஈடான மாத்திரை எந்தக் கடையிலும் கிடைக்காது.

அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) வறுக்கும் புகை, தும்புத் தூசி, அடுப்புப் புகை இவை அலர்ஜி இல்லாதவர் மூக்கையும் எரிக்கும். அதை அலர்ஜி என்று கணக்கில் எடுக்க வேண்டாம்.

மீன் விஷயம் ஒன்று. சூரை, அயலை போன்ற மீன்களைப் பிடித்தவுடன் ஐஸில் வைக்காவிட்டால் அதில் ஹிஸ்டமின் (அலர்ஜியின்போது நம் உடம்பே சுரக்கும் பொருள்) சேர்ந்துவிடும். சமைத்தாலும் அது போகாது. தின்ற சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு தடித்து, அசல் அலர்ஜி மாதிரியே இருக்கும். எப்போதும் தின்னும் மீன் ஒருநாள் மட்டும் இப்படிச் செய்தால், குற்றம் மீன் புதிதாக இல்லாததில் இருக்கலாம். ஆனால் மூச்சு முட்டினால் இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம், 108ஐ அழையுங்கள்.

2. ஒரு கோப்பு தயார் செய்யுங்கள்

இதைச் செய்யாமல் எந்த மருத்துவரிடம் போனாலும் பாதி நேரம் வீண். பெரிய வேலை இல்லை, ஒரு பிளாஸ்டிக் கோப்பும் ஒரு நோட்டும் போதும்.

நோட்டில் இரண்டு வாரம் எழுதுங்கள்: தேதி, தும்மல், ஒழுகல், அடைப்பு, கண் அரிப்பு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். பக்கத்தில் அன்று மழையா வெயிலா, வீட்டை ஒதுக்கினீர்களா, என்ன மாத்திரை போட்டீர்கள் என்று ஒரு வரி. பின்னால் 7ஆம் படியில் இந்த நோட்டுதான் நீதிபதி.

கோப்புக்குள் வைக்க வேண்டியவை: இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் சீட்டு (பிரஷர், சர்க்கரை, தைராய்டு, இரத்தம் உறையாமலிருக்கத் தருவது, கர்ப்பத்தடை மாத்திரை எல்லாம்), பழைய இரத்தப் பரிசோதனை முடிவுகள், முன்பு ஏதாவது மருந்தோ உணவோ ஒவ்வாமல் போயிருந்தால் அதன் பெயர். மூலிகையையும் பட்டியலில் எழுதுங்கள். "அது மருந்தில்லையே, கஷாயம்தானே" என்று மறைப்பதுதான் இங்கே நடக்கிற பெரிய தவறு. வாங்கும் ஒவ்வொரு பொருளின் லேபிளையும் நான்கு பக்கமும் போனில் படம் எடுத்து, பில்லோடு சேர்த்துவையுங்கள். பில் தராத இடத்தில் வாங்க வேண்டாம்.

அரசு மருத்துவமனைக்குப் போவதானால் ஆதார் அட்டையும் போனும் கையில் இருக்கட்டும். பழைய ஓ.பி. சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

3. காசில்லாத ஆலோசனையை முதலில் வாங்குங்கள்

நாகர்கோவிலில் ஆசாரிபள்ளத்தில் கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காது மூக்கு தொண்டைப் பிரிவைப் பாருங்கள். கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அரசு ஆயுர்வேதக் கல்லூரி என்பது மற்ற மாவட்டக்காரர்களுக்கு வாய்க்காத வசதி. முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரி உண்டு. இவை தவிர அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றிலும் சித்த மருத்துவப் பிரிவு இயங்குகிறது. அரசு இடங்களில் பார்ப்பதும் மருந்தும் இலவசம். சூரணமோ தைலமோ தந்தால் வாங்கிக்கொள்ள மூடியுள்ள சிறு டப்பாவும் சீசாவும் பையில் இருந்தால் நல்லது.

புறநோயாளிப் பிரிவு காலையில்தான். மதியத்துக்குமேல் போனால் திரும்பி வர வேண்டியதுதான். திங்கட்கிழமையும் விடுமுறைக்கு மறுநாளும் கூட்டம் சாயும். வாரத்தின் நடுவில் போங்கள்.

தனியாரிடம் மூலிகை மருத்துவம் பார்ப்பதானால் பி.எஸ்.எம்.எஸ். (சித்தம்) அல்லது பி.ஏ.எம்.எஸ். (ஆயுர்வேதம்) பட்டமும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள், கேட்கவும் கேளுங்கள். கூச்சப்பட வேண்டியது இல்லை. சுளுக்கும் எலும்பும் பார்ப்பதில் நம்மூர் ஆசான்மார் கைராசி தெரிந்ததுதான். அதற்காக மூக்குக்குள் போகும் மருந்துக்கும் அவரிடமே போகலாம் என்றாகாது.

ஆங்கில மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: "தூக்கம் வராத மாத்திரை உண்டா? மூக்கில் அடிக்கும் ஸ்பிரே எனக்குச் சரிவருமா?" அலர்ஜி மூக்குக்கு இன்றைக்கு உள்ளவற்றில் நல்ல ஆதாரம் உள்ளது ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரேதான். அதை ஒருநாள் அடித்துப் பார்த்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்று ஒதுக்குகிறவர்கள் நிறைய. தினமும் அடித்தால்தான் சில நாளிலிருந்து ஓரிரு வாரத்துக்குள் பலன் தெரியும். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டுப் பயந்து ஓடி, என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாத பொடியை வாங்கித் தின்பதில் என்ன புத்திசாலித்தனம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

தோலில் குத்திப் பார்க்கும் அலர்ஜிப் பரிசோதனை எழுதிக் கொடுத்தால், செடிரிசின் போன்ற அலர்ஜி மாத்திரைகளைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். எத்தனை நாள் என்று தேதி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். கேட்காமல் போனால் பரிசோதனையே பாழ்.

4. கையில் இருப்பது உணவா, மருந்தா?

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு வகைதான்.

முதல் வகை, உணவுச் சட்டத்தின்கீழ் வரும் சப்ளிமென்ட். இதில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கும். 'ஹெல்த் சப்ளிமென்ட்' என்றும் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்றும் ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பார்கள். கம்பெனியே அப்படி எழுதிக் கொடுத்த பொருளைக் கடைக்காரர் "தும்மலை அத்துவிடும்" என்று சொன்னால் யார் சொல்வதை எடுத்துக்கொள்வது? டப்பா சொல்வதைத்தான்.

இரண்டாம் வகை, மருந்துச் சட்டத்தின்கீழ் வரும் சித்த, ஆயுர்வேத மருந்து. இதில் உற்பத்தி உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, சேர்ந்துள்ள சரக்குகளின் பட்டியல் இருக்க வேண்டும். நச்சுச் சரக்கு சேர்ந்த மருந்தானால், மருத்துவர் மேற்பார்வையில் சாப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கையும் இருக்கும். "ஆயுஷ் அமைச்சகம் அங்கீகரித்தது" என்று பெரிதாகப் போட்டிருந்தால் மயங்க வேண்டாம். உரிமம் தருவது மாநில அதிகாரிகள். உரிமம் இருப்பது அலர்ஜி தீரும் என்பதற்கு உத்தரவாதமும் அல்ல.

இரண்டிலும் சேராத மூன்றாவது ஒன்று நம்மூரில் தாராளமாகப் புழங்குகிறது: பெயரில்லாத பொட்டலம். "மருந்துவாழ்மலை மூலிகை" என்று சொல்லி வரும் பொடியும் இதில் சேர்த்தி. என்ன இருக்கிறது என்று கேட்டால் "அது பரம்பரை ரகசியம், மக்கா, ஒரு மண்டலம் தின்னுப் பாரு" என்று பதில் வரும். இப்படி ஒரு பொடி எங்கள் உறவில் ஒருவருக்கு இரண்டே நாளில் தும்மலை நிறுத்தியது. பசியும் கூடியது, முகமும் ஊதியது. மருத்துவர் முதலில் சந்தேகப்பட்டது ஸ்டீராய்டைத்தான். மூலிகை இரண்டு நாளில் மந்திரம் போலக் கேட்டால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுங்கள். ஆனால் வாரக்கணக்கில் அப்படி ஒன்றைத் தின்றவர் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

பற்பம், செந்தூரம் என்ற பெயரில் வருவனவற்றில் உலோகச் சரக்கு இருக்கும். பாதரசம், ஈயம், ஆர்செனிக் சேர்ந்தவையும் உண்டு. வெறும் தும்மலுக்காக இவற்றைத் தானாக வாங்கித் தின்னக் கூடாது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் கிட்டேயே போகக் கூடாது.

5. எதில் சாரம் உண்டு, எதில் இல்லை

வைட்டமின் சி. எல்லாரும் முதலில் வாங்குவது இதைத்தான். 500 மில்லிகிராம் புளிப்பு மாத்திரை, விலையும் குறைவு. அலர்ஜி மூக்கைக் கட்டுப்படுத்துகிறது என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. ஒரு பெரிய நெல்லிக்காயே அன்றைய தேவையை ஏறக்குறைய முடித்துவிடும். ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராமைத் தாண்டினால் வயிற்றுப்போக்கு வரும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் அதிக அளவைத் தொடவே வேண்டாம். அதிக அளவில் எடுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கு, விரலில் குத்திப் பார்க்கும் சில மீட்டர்கள் தப்பான எண்ணைக் காட்டலாம் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

வைட்டமின் டி. குறைவு இருந்தால் நிரப்ப வேண்டியதுதான், அலர்ஜி இருந்தாலும் இல்லாவிட்டாலும். குறைவு இல்லாதவர் அலர்ஜிக்காகத் தின்பதில் பெரிய பயன் நிரூபிக்கப்படவில்லை. இங்கே பொறி எங்கே இருக்கிறது என்றால், 60,000 யூனிட் சாஷேவில். அது வாரத்துக்கு ஒன்று, அதுவும் சில வாரங்களுக்கு மட்டும் தரப்படுவது. தினமும் ஒன்று என்று தப்பாகப் புரிந்துகொண்டு குடித்தால் உடம்பில் தங்கிக் கால்சியத்தை ஏற்றிவிடும். வாந்தி, மலச்சிக்கல், ஓயாத தாகம், கடைசியில் சிறுநீரகம். சீட்டில் எத்தனை வாரம் என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதி வாங்குங்கள்.

துத்தநாகம் எனும் ஜிங்க். பெரியவர்களுக்கு உணவும் மாத்திரையும் சேர்த்து நாளொன்றுக்கு 40 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. மாதக்கணக்கில் அதற்கு மேலே போனால் உடம்பில் தாமிரச் சத்து குறையும். கோவிட் காலத்தில் வாங்கிய பழக்கத்தில் இன்னும் விழுங்குகிறவர்கள் நிறுத்திவிடலாம்.

குவெர்செடின். இணையக் கடைகளில் 'இயற்கை ஆண்டிஹிஸ்டமின்' என்று விற்கப்படுவது. வெங்காயத்தில் இருக்கும் பொருள்தான். சோதனைக் குழாயில் ஹிஸ்டமின் சுரக்கும் செல்களை அடக்குகிறது என்பது சரி. வாயால் விழுங்கினால் உடம்பில் ஏறுவது குறைவு, மனிதர்களிடம் செய்த ஆய்வும் சொற்பம். இதோடு பெரும்பாலும் அன்னாசியிலிருந்து எடுக்கும் புரோமெலைனைச் சேர்த்து விற்பார்கள். ரப்பர் மரத்தை நம்பி வாழும் நம் மாவட்டத்தில் இதைக் கவனிக்க வேண்டும்: ரப்பர் பால் ஒவ்வாதவர்கள் சிலருக்கு வாழைப்பழம், பப்பாளி, அன்னாசி இவையும் வாயை அரிக்கும். ரப்பர் கையுறை போட்டால் கை தடிக்கிறதா? அப்படியானால் இந்தக் கூட்டு வேண்டாம்.

ஸ்பைருலினா. சிறிய ஆய்வுகளில் அலர்ஜி மூக்குக்குக் கொஞ்சம் பலன் தெரிந்தது. ஆனால் எங்கே வளர்த்தார்கள் என்பதைப் பொறுத்து நச்சுப்பாசியும் உலோகமும் கலக்கும். ஆய்வகச் சான்று காட்டாத கம்பெனியினுடையதை விட்டுவிடுங்கள்.

கருஞ்சீரகம். இதன் எண்ணெய்க்கும் சிறிய ஆய்வுகளில் சாதகமான முடிவு உண்டு. குளச்சல், தக்கலைப் பக்கம் பல வீடுகளில் முன்பே இருக்கும் பொருள். சர்க்கரையையும் பிரஷரையும் கொஞ்சம் இறக்கக்கூடியது என்பதால் அவற்றுக்கு மாத்திரை போடுகிறவர்கள் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள். கடையில் காட்டுச்சீரகத்தைத் தந்துவிடாமல் பார்த்து வாங்குங்கள். அது வேறு செடி, பயங்கரக் கசப்பு.

சீந்தில் கொடி. 75 பேரை வைத்து எட்டு வாரம் செய்து 2005இல் வெளியான இந்திய ஆய்வில் தும்மலும் ஒழுகலும் நன்றாகக் குறைந்ததாகச் சொன்னார்கள். அதைக் காட்டித்தான் விற்கிறார்கள். 2021இல் மும்பை மருத்துவர்கள் சீந்தில் தின்றவர்களுக்குக் கல்லீரல் பாதித்த நிகழ்வுகளை வெளியிட்டார்கள் என்பதை யாரும் காட்டுவதில்லை. ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. சண்டை தீரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கல்லீரல் கோளாறோ, தைராய்டு, மூட்டு போன்றவற்றில் தன்னெதிர்ப்பு நோயோ (எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்குவது) உள்ளவர்கள் தவிர்க்க வேண்டியது. மற்றவர்கள் மருத்துவர் சொன்ன நாளுக்கு மேலே நீட்டக் கூடாது.

ஆடாதோடை. வேலியோரம் நிற்கும் செடி. இதிலுள்ள வாசிசின் என்ற பொருளை அடியாகக் கொண்டுதான் இருமல் சிரப்புகளில் வரும் புரோம்ஹெக்ஸின் உருவானது. ஆகவே சளி கட்டிய இருமலுக்கு இதில் நியாயம் உண்டு. மூக்கரிப்புக்கும் தும்மலுக்கும் இதை எதிர்பார்க்க வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு ஆகாது, கருப்பையைச் சுருக்கும். மணப்பாகாக வாங்கினால் அதில் சீனி நிறைய.

மஞ்சள், சுக்கு, நல்லமிளகு, திப்பிலி. குழம்பிலும் பாலிலும் போடும் அளவுக்கு யாரும் பயப்பட வேண்டாம். மஞ்சளின் சாரமான குர்குமின் மாத்திரை வேறு: உறிஞ்சுவதைக் கூட்ட மிளகுச் சாரம் சேர்த்த மாத்திரைகளால் கல்லீரல் பாதித்த நிகழ்வுகள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன. ஆயுர்வேதத்தில் அரிப்புக்கும் தடிப்புக்கும் தரும் ஹரித்ரா கண்டமும் மஞ்சள் மருந்துதான், ஆனால் அதில் சர்க்கரையின் பங்கு பெரியது. நீரிழிவு இருந்தால் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அதிமதுரம். தொண்டைக்கு இதம். நாள்தோறும் சாப்பிட்டால் பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும். பிரஷர்காரர்களுக்கு வேண்டாம்.

நிலவேம்பு, கபசுரக் குடிநீர். இவை காய்ச்சலுக்கானவை. "எதிர்ப்புச் சக்தி கூடினால் அலர்ஜி போகும்" என்று இவற்றைக் குடிக்கச் சொல்வார்கள். அலர்ஜி எதிர்ப்புச் சக்தி குறைந்ததால் வருவது இல்லையே, தேவையில்லாத இடத்தில் அது துள்ளுவதால் அல்லவா வருகிறது! நிலவேம்பு சேர்ந்த பொருள்களால் சிலருக்குக் கடும் ஒவ்வாமை ஏற்பட்டதை ஆராய்ந்து ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015இல் எச்சரித்தது. அலர்ஜி உடம்புக்காரர்கள் இதைப் படித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்கலாம்.

பட்டர்பர், எக்கினேசியா, கெமோமைல் தேநீர். வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் கொண்டுவருபவை. பட்டர்பர் அலர்ஜி மூக்குக்கு ஆய்வுகளில் நன்றாகவே கேட்டது, ஆனால் கல்லீரலைக் கெடுக்கும் நச்சு அந்தச் செடியில் இயல்பாகவே இருக்கிறது. வேண்டாம். மூன்றும் பார்த்தீனியத்தின் குடும்பம். பார்த்தீனியம் பட்டால் தடிக்கிறவர்களுக்கு இவையே அலர்ஜி தரலாம்.

கடைசியில் தேன். மார்த்தாண்டம் தேனைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நம்மூர்க்காரன் ஆக மாட்டேன். "உள்ளூர்த் தேனில் உள்ளூர் மகரந்தம் இருக்கும், தினம் ஒரு கரண்டி குடித்தால் உடம்பு பழகிவிடும்" என்று பேசிக்கொள்கிறார்கள். மூக்கைத் தொல்லைப்படுத்தும் மகரந்தம் பெரும்பாலும் காற்றில் பறக்கும் புல், மரங்களுடையது. தேனீ எடுப்பது அதை அல்ல. அதோடு நம் தேனில் பெரும்பங்கு ரப்பர்த் தோட்டத்துத் தேன். இலையுதிர்ந்து ஜனவரி முதல் மார்ச் வரை தளிர் விடும்போது இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பைத் தேனீ எடுப்பது அது. பூவே இல்லாமல் வந்த தேனில் மகரந்தம் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். தேன் நல்ல தேன், தொண்டை இருமலுக்கு இதமானது, ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் கூடாது. அலர்ஜிக்கு மருந்து என்று வாங்க வேண்டாம். தேனீ மகரந்தம், ராயல் ஜெல்லி என்று தனியாக விற்பவை இன்னும் மோசம். அவற்றைத் தின்று மூச்சடைத்து மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு.

உப்புநீரால் மூக்கைக் கழுவுவது சப்ளிமென்ட் கணக்கில் வராது, ஆனால் மேலே சொன்ன பாதிப் பொருள்களைவிட நல்லது. ஒரு டம்ளர் நீருக்குக் கால் கரண்டி அயோடின் சேராத உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்தே எடுக்க வேண்டும். கிணற்று நீர், குளத்து நீர், குழாய் நீர் எதையும் அப்படியே மூக்கில் விடாதீர்கள். பக்கத்துக் கேரளத்தில் மூளையைத் தின்னும் அமீபா அடிக்கடி செய்தியாவது மூக்கு வழியாக அது போவதால்தான்.

6. உங்கள் மற்ற மாத்திரைகளோடு ஒத்துப்போகுமா?

கோப்பை எடுத்துக்கொண்டு மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ காட்ட வேண்டிய இடம் இது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறவர்களுக்கு மஞ்சள், மீன் எண்ணெய் மாத்திரைகள் இரத்தக்கசிவைக் கூட்டலாம். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியம், இரும்புச்சத்துக்கும் இடையே நான்கு மணி நேரம் விட வேண்டும். பயோட்டின் சேர்ந்த முடி, தோல் வைட்டமின்கள் தைராய்டு உள்ளிட்ட சில இரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பிறழவைக்கும். ஆய்வகத்தில் முன்பே சொல்லுங்கள். அலர்ஜி மாத்திரையான ஃபெக்சோஃபெனடினை ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோடு குடித்தால் அது உடம்பில் ஏறுவது குறையும். வெறும் தண்ணீர் போதும். இறால், நண்டு ஒவ்வாதவர்கள் மூட்டுவலிக்கு விற்கும் குளுகோசமைன் மாத்திரையின் மூலப்பொருளைப் பாருங்கள். பெரும்பாலும் அவற்றின் ஓட்டிலிருந்துதான் எடுக்கிறார்கள். அறுவைச் சிகிச்சை நாள் குறித்தாயிற்றா? எந்த மூலிகை தின்றாலும் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

7. ஒரு நேரத்தில் ஒன்று, அதற்கு ஒரு முடிவுத் தேதி

இவ்வளவுக்கும் பிறகு ஏதாவது ஒன்றைச் சாப்பிட்டுப் பார்க்கலாம் என்று மருத்துவரும் சொன்னால், அந்த ஒன்றை மட்டும் தொடங்குங்கள். டப்பாமேல் தொடங்கிய தேதியையும் நிறுத்தும் தேதியையும் பேனாவால் எழுதுங்கள். நம்மூர் வழக்கப்படி ஒரு மண்டலம், அதாவது 48 நாள், நல்ல அளவுதான். ஆய்வுகளும் பெரும்பாலும் ஆறு, எட்டு வாரம்தான் பார்க்கின்றன. இந்த நாட்களில் வீடு மாறுவது, மெத்தை மாற்றுவது, புதிய மாத்திரை தொடங்குவது எதையும் செய்ய வேண்டாம். செய்தால் பெயரும் புகழும் யாருக்குப் போகும் என்று தெரியாது. மருத்துவர் தந்த ஸ்பிரேயையோ மாத்திரையையோ இதற்காக நிறுத்தவும் வேண்டாம்.

பருவத்தைப் பார்த்துத் தொடங்குவதும் முக்கியம். அக்டோபர் மழையில் தொடங்கி, வெயில் வந்த பிப்ரவரியில் "குணமாயிற்று" என்றால் அது வெயிலின் வேலையாகவும் இருக்கலாம். 2ஆம் படியில் எழுதிய மதிப்பெண்களோடு கடைசி இரண்டு வாரத்தை ஒப்பிடுங்கள். மூன்றில் ஒரு பங்குகூடக் குறையவில்லை என்றால் நிறுத்திவிடுவது என் கணக்கு. "இன்னொரு மண்டலம் பாருங்க" என்று கடையில் சொல்வார்கள். சொல்லட்டும்.

8. செலவுக் கணக்கு

விலைகள் மாறிக்கொண்டிருக்கும், ஆகவே இவற்றை ஒரு மட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் பார்க்கும் செலவு பஸ் கட்டணம்தான். மக்கள் மருந்தகத்தில் பத்து செடிரிசின் மாத்திரை கொண்ட அட்டை ஏறக்குறைய ஒரு டீ விலைக்குக் கிடைக்கும். தனியார் ஆய்வகத்தில் வைட்டமின் டி பரிசோதனை ஆயிரத்தை ஒட்டியும் தாண்டியும் போகும், மொத்த ஐ.ஜி.இ. (அலர்ஜியில் கூடும் ஒரு பொருளின் அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) சில நூறு; பல பொருள்களுக்கு ஒரேயடியாகப் பார்க்கும் அலர்ஜிப் பட்டியல் சில ஆயிரங்கள். மருத்துவர் கேட்காமல் இந்தப் பட்டியலை நீங்களாகப் போய் எடுக்க வேண்டாம். அதில் வரும் பாதிப் பெயர்களுக்கும் உங்கள் தும்மலுக்கும் சம்பந்தம் இருக்காது, ஆனால் பயந்துபோய் முட்டையையும் பாலையும் வீட்டில் நிறுத்திவிடுவார்கள்.

இறக்குமதிக் குவெர்செடின், ஸ்பைருலினா போன்றவை மாதத்துக்கு ஆயிரத்தைத் தொடும். மூன்று டப்பா எடுத்தால் சலுகை என்பது வழக்கமான தூண்டில். முதல் தடவை சின்ன டப்பாதான். திறந்த டப்பாவை யாரும் திருப்பி எடுக்க மாட்டார்கள். மழைக்காலத்தில் சூரணம் ஈரம் பிடித்துக் கட்டியாகி, பூஞ்சையும் பிடிக்கும். அதைத் தின்றால் அலர்ஜிக்கு அலர்ஜியை விலைக்கு வாங்கிய மாதிரி.

9. ஒத்துக்கொள்ளாவிட்டால்

உடம்பு அரிப்பு, தடிப்பு, வயிற்றுக்கோளாறு என்றால் அன்றைக்கே நிறுத்துங்கள். கண் மஞ்சளாவது, சிறுநீர் கருமஞ்சளாவது, காரணமில்லாமல் பசி போவது இவை கல்லீரல் அறிகுறிகள். தாமதிக்காமல் இரத்தம் பரிசோதிக்கப் போங்கள், டப்பாவையும் கொண்டுபோங்கள். உதடு, நாக்கு, முகம் வீங்கி, குரல் கம்மி, மூச்சுத் திணறி, தலை சுற்றினால் அதற்குக் கைவைத்தியம் கிடையாது. 108ஐ அழைத்துவிட்டு, தலைசுற்றுகிற ஆளை மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறுகிறவர் உட்கார்ந்திருக்கட்டும். எழுந்து நடக்கவிடாதீர்கள்.

மருந்தின் பக்கவிளைவை நோயாளியே தெரிவிக்க இலவச எண் உண்டு: 1800-180-3024. தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் எண் அது. பொருளின் பெயர், தொகுதி எண், தொடங்கிய தேதி, தொல்லை தொடங்கிய தேதி, கூடவே சாப்பிட்ட மற்ற மருந்துகள் இவற்றைக் கேட்பார்கள். எல்லாம் கோப்பிலேயே இருக்கும். சித்த, ஆயுர்வேத மருந்தானால் அரசு சித்த அல்லது ஆயுர்வேத மருத்துவரிடமும் எழுதிக் கொடுங்கள். சப்ளிமென்ட் டப்பாவானால் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையிடம் போக வேண்டும். மீதிப் பொருளைத் தூக்கி எறியாமல், மூடி, பில்லோடு எடுத்துவையுங்கள். மாதிரி கேட்டால் கொடுக்க அதுதான் வேண்டும்.